பன்னிரண்டில் பதினொன்று

அல் ஐன் சனாயா, எட்டாம் சந்து.
டயர் கடைக்கும் பெயின்ட் ஷெட்டுக்கும் நடுவில் எங்கள் ஷட்டர்.
மில்லிங் கட்டர், ரம்பப் பல், சலூன் கத்தரி,
எது மழுங்கினாலும் இங்கே வரும்.

செப்டம்பரில் ஹுமைத் வந்தான்.
மடியில் வைத்துப் பெட்டியைத் திறந்தான்.
பஞ்சுக் குழிகளில் பன்னிரண்டு அம்புத் தலைகள்,
ஒவ்வொன்றுக்கும் மூன்று அலகு.
இங்கே கிளப்பில் ரப்பர் மானைத்தான் எய்யலாம்.
நமீபியாவில் நிஜ மான், முறுக்குக் கொம்பு,
டிக்கெட் போட்டாயிற்று என்றான்.

இதை மெஷினில் வைக்கக் கூடாது.
சூடேறினால் எஃகில் நீலம் பாயும்.
நீலம் பாய்ந்த எஃகு சொன்ன பேச்சு கேட்காது.
ஆகவே கல், எண்ணெய், என் இரண்டு கை.
ஓரமெல்லாம் மார்க்கரால் கறுப்புப் பூசி
இரண்டு அலகைக் கல்லில் படிய வைத்துத் தள்ளினேன்.
மை போன இடம் கல் தொட்ட இடம்.
மை நிற்கிற இடம் என் கை கோணிய இடம்.
ஒரு பக்கம் தேயத் தேய மறுபக்கம் பிசிறு புரளும்,
கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் மாட்டும்.
தோல்வாரில் நாலு இழு இழுத்தால் முடிந்தது
என்பான் தில்பகதூர்.

முடியாது.
விளக்கடியில் நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.
மினுக்கினால் மழுக்கம்.
சரியாகத் தீட்டிய விளிம்பு
வெளிச்சத்தைத் திருப்பித் தராது.
அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

டீ குடித்த கப்பின் வாய்க்குக் குறுக்கே
ரப்பர் பேண்டை மாட்டி
அலகை அதன்மேல் சும்மா வைத்தேன்.
அழுத்தவில்லை.
டக்.
பேண்டுகள் தீர்ந்த பிறகு என் இடது முன்கை.

அன்று ராத்திரி வீடியோவில் ஜெசிந்தா கேட்டாள்:
"கையில என்ன, முடியவே காணோம்? தீ கீ பட்டுச்சா?"
"ஏசி ரூம்ல கணக்கு எழுதுறவனுக்கு ஏது தீ" என்றேன்.
ஆறு வருஷத்துப் பொய்.
அவ்வப்போது அதையும் தீட்ட வேண்டியிருக்கிறது.

நவம்பரில் பெட்டி திரும்பி வந்தது.
கூடவே மூன்று சிநேகிதர்கள், ஈச்சம்பழ டப்பா.
"ஒரே அம்பு, முதலாளி!" என்றான் என்னிடம்
(நான் முதலாளி இல்லை).
"நாற்பது மீட்டர். நாலு எட்டு வைத்தது, விழுந்தது."
அவர்கள் மாஷா அல்லா என்றார்கள்.
நான் எண்ணினேன்.
பதினொன்று.
"அந்த ஒன்று மானுக்குள்ளேயே போய்விட்டது" என்று சிரித்தான்.

அவர்கள் போன பிறகு விளக்கைப் போட்டேன்.
ஏழு, கொடுத்தபடியே இருந்தன.
நாலின் நுனி சுருண்டிருந்தது.
திருகுமரையில் செம்மண். அலகில் பாறைக் கீறல்.
மயிர் இல்லை, கொழுப்பு இல்லை,
மூக்கருகே கொண்டுபோனேன், எண்ணெய் வாசம்தான்.
ஒரே அம்பாம்.
சரி, அவனும் யாருக்கோ ஏசி ரூம் காட்டுகிறான்.
அதில் எனக்கென்ன.

பன்னிரண்டாவதுதான்.

நாலு எட்டில் விழுந்தது நிஜமாகவும் இருக்கலாம்.
நன்றாகத் தீட்டியது உள்ளே போவதே தெரியாது என்பார்கள்.
அது தெரியக் கூடாது என்றுதான்
மை போகும்வரை தள்ளினேன்.
இல்லை, தொடையில் வாங்கிக்கொண்டு
புதருக்குள் புகுந்து, தண்ணீர்க்குழி தேடி,
என் மூன்று விளிம்பையும் சுமந்தபடி
இப்போதும் நடந்துகொண்டிருக்குமோ.
எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
அதற்கு என் கைவேலை.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
தீட்டுகிற ஆள் கேட்கிற கேள்வி இல்லை அது.
பில் புத்தகத்தில் எழுதினேன்:
அம்புத் தலை பதினொன்று, தலைக்குப் பத்து திர்ஹாம்.
தில்பகதூர் எட்டிப் பார்த்து,
ஏழு நன்றாகத்தானே இருக்கிறது, சும்மா காசா என்றான்.
எல்லாவற்றிலும் மறுபடி கறுப்புப் பூசினேன்.

ரப்பர் பேண்ட் வாங்க மறந்துவிட்டது.
முன்கையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது.